லெஜியாவ் உர்பானா ஏன் பதினோரே நாளில் தன் முடிவை அறிவித்தது?

நெடுவழி (கேள்வி):

பிரேசில் நாட்டின் 1980களின் ராக் இசையைக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். பராலாமாஸ் து சுசெஸ்ஸோ, டிட்டாஸ், பராவ் வெர்மெல்யோ என்று ஒவ்வொரு குழுவாகக் கேட்டு, இப்போது லெஜியாவ் உர்பானாவில் வந்து நிலைகொண்டுவிட்டேன். போர்ச்சுகீசிய மொழி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்; ஆனாலும் ரெனாட்டோ ருஸ்ஸோவின் குரல் என்னை விடுவதாக இல்லை.

என் கேள்வி இந்தக் குழுவின் முடிவைப் பற்றியது. ருஸ்ஸோ 1996 அக்டோபர் 11 அன்று ரியோ டி ஜெனிரோவில் தம் 36ஆம் வயதில் காலமானார். அதே மாதம் 22ஆம் தேதி, கித்தார் கலைஞர் டாடோ வில்லா-லோபோஸும் டிரம்ஸ் கலைஞர் மார்செலோ பொன்ஃபாவும் குழு இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்று, பாடகர் மறைந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் தன்னை முடித்துக்கொண்டது. வேறொருவரைப் பாட வைத்துத் தொடர்ந்த குழுக்கள் பிரேசிலிலேயே இருக்க, இவர்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை? துக்கம் ஒன்றுதான் காரணமா, அல்லது அந்தக் குழு அதற்கு முன்பே முடிவை நெருங்கிக்கொண்டிருந்ததா? அவர்கள் வளர்ந்த கதையையும் சேர்த்து யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்மண்தடம்:

நண்பரே, முடிவுக்கான காரணம் அந்தக் குழு உருவான விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

ருஸ்ஸோ பிறந்தது ரியோவில், 1960 மார்ச் மாதம். அடுத்த மாதம்தான் பிரசீலியா புதிய தலைநகரமாகத் திறந்து வைக்கப்பட்டது. தந்தை பாங்கோ து பிரசீல் வங்கி ஊழியர்; அவருடைய பணியின் பொருட்டுக் குடும்பம் நியூயார்க்கில் சில காலம் வாழ்ந்தது; 1973இல் பிரசீலியாவுக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாம் வயதில் இடுப்பெலும்பு நோய் வந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெடுநாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. அந்த நாட்களில் அவர் செய்த காரியம்தான் என் பார்வையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல். உலகில் இல்லாத ஒரு ராக் குழுவைக் கற்பனை செய்து, அதற்கு உறுப்பினர்கள், இசைத்தட்டுகள், பேட்டிகள் என்று ஒரு முழு வரலாற்றையே குறிப்பேடுகளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். ஒரு கித்தார் கலைஞரோடு மேடையேறும் முன்பே, ஒரு குழு எப்படிப் பிறக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் ஒருமுறை நடந்து முடிந்திருந்தது.

1978இல் அந்தக் கற்பனை நிஜமாயிற்று. பிரசீலியா பல்கலைக்கழக ஆசிரியர்களின் குடியிருப்பான கொலினாவைச் சுற்றித் திரிந்த இளைஞர் கூட்டத்திலிருந்து அபோர்தோ எலெத்ரிகோ என்னும் பங்க் குழு எழுந்தது. பேராசிரியர்கள், அரசு அலுவலர்கள், தூதரக அதிகாரிகள் ஆகியோரின் பிள்ளைகள் அவர்கள். இங்கிலாந்தில் வெளியான பங்க் இசைத்தட்டுகள் குடும்பத்தாரின் வெளிநாட்டுப் பயணங்கள் வழியாக அவர்கள் கைக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தன. இராணுவ ஆட்சி 1964 முதல் நீடித்துக்கொண்டிருந்த நாட்டில், அந்த ஆட்சியின் அலுவலகங்களே நிறைந்த நகரத்தில், அவர்கள் வளர்ந்தார்கள். கோபம் எதன்மீது என்று அவர்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. நாட்டைப் பார்த்து நேரடியாகக் கேள்வி கேட்கும் ‘கெ பாயிஸ் எ எஸ்தெ’ என்ற பாடலை ருஸ்ஸோ எழுதியது அந்த 1978இல்தான்.

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஃபே லெமோஸுக்கும் ருஸ்ஸோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1982இல் குழு கலைந்தது. லெமோஸ் சகோதரர்கள் காப்பிட்டல் இனிசியால் குழுவைத் தொடங்கினார்கள். ருஸ்ஸோ சில காலம் தனியாக ஒரு கித்தாரோடு பாடிவிட்டு, பொன்ஃபாவுடன் சேர்ந்து லெஜியாவ் உர்பானாவைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் பாத்தோஸ் தெ மினாஸ் ஊரில் முதல் நிகழ்ச்சி; பாடல் வரிகளுக்காக அவர்களையும் உடன் பாட வந்த பிளெபெ ரூடெ குழுவினரையும் காவல் துறை பிடித்து வைத்து, பிறகு விட்டது. டாடோ 1983இல் வந்து சேர்ந்தார். ருஸ்ஸோவின் மணிக்கட்டுக் காயத்தால் அவரால் பேஸ் வாசிக்க முடியாமல் போகவே, 1984இல் ரெனாட்டோ ரோஷா பேஸ் கலைஞராக வந்தார். பிரசீலியாவில் பழகிய நண்பரான எர்பெர்த்து வியானாவின் பராலாமாஸ் குழு 1983இல் தன் முதல் இசைத்தட்டில் ருஸ்ஸோவின் ‘கீமிக்கா’ பாடலைப் பதிவு செய்தது; ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கதவு இவர்களுக்குத் திறந்தது அந்த வழியாகத்தான்.

முதல் இசைத்தட்டு 1985 ஜனவரியில் வெளிவந்தது. அதே மாதத்தில் தாங்கிரெது நெவெஸ் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இராணுவ ஆட்சி முடிவுக்கு வரும் என்று நாடே எதிர்பார்த்திருந்தது. ‘செரா’, ‘ஜெராசாவ் கோக்கா-கோலா’ ஆகிய பாடல்கள் அந்த நேரத்தில் வானொலியில் ஒலித்தன. 1986இல் வந்த ‘தோய்ஸ்’ இசைத்தட்டுதான் அவர்களை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசு குருசாடோ திட்டத்தை அறிவித்து விலைகளை உறையவைத்திருந்தது. மக்கள் கையில் திடீரென்று பணம் புழங்கியதால் இசைத்தட்டு விற்பனை நாடெங்கும் உயர்ந்தது. ஆனால் அந்த அலையில் ஏறியவர்களெல்லாம் நிலைக்கவில்லை. 1986இல் இவர்களைவிடவும் அதிகமாக விற்ற ஆர்.பி.எம். குழு அடுத்த ஆண்டிலேயே உடைந்தது. ‘தெம்போ பெர்திதோ’வும் ‘எதுவார்து இ மோனிக்கா’வும் நிலைத்ததற்குக் காரணம், பதின்பருவத்தினர் தம் நண்பர்களோடு பேசும் மொழியிலேயே, ஆனால் அவர்கள் சொல்லத் தயங்கியதை அவை சொன்னதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1987இல் வந்த மூன்றாம் இசைத்தட்டில் பெரும்பாலானவை அபோர்தோ எலெத்ரிகோ காலத்துப் பாடல்களும் தனியாகப் பாடிய காலத்துப் பாடல்களும்தான். அதிலுள்ள ‘ஃபரோயெஸ்தெ கபோக்லோ’ ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்வது, திரும்ப வரும் பல்லவியே இல்லாதது. சாந்து கிறிஸ்து என்ற ஏழை இளைஞன் உள்நாட்டிலிருந்து புறப்பட்டுப் பிரசீலியாவுக்கு வந்து, கடைசியில் நகரை ஒட்டிய செய்லாந்தியாவில் துப்பாக்கிச் சண்டையில் மடியும் கதையை அது சொல்கிறது. இத்தனை நீளமான பாடலை வானொலி நிலையங்கள் ஒலிபரப்பின. கேட்டவர்கள் முழுவதையும் மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாடல் லெஜியாவ் தோன்றும் முன்பே எழுதப்பட்டது. புகழின் உச்சியில் நின்றபோதும் அந்தக் குழு, ஒரு மனிதர் தம் இளமையிலேயே நிரப்பி வைத்த குறிப்பேட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு அதில் வேறொருவர் எப்படி எழுதுவது?

கடலோசை:

செம்மண்தடம் அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. அவர் எடுக்கும் முடிவில்தான் மாறுபாடு. லெஜியாவை ஒரே மனிதரின் குறிப்பேடாகச் சுருக்கினால், 1989இல் வந்த ‘அஸ் குவாத்ரு எஸ்தசோய்ஸ்’ இசைத்தட்டை விளக்கவே முடியாது. பழைய பாடல்களின் கையிருப்பு தீர்ந்த பிறகு, மூன்று பேரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, இசையை முதலில் அமைத்துச் சொற்களைப் பின்னர் சேர்த்து உருவாக்கியது அது. ரோஷா அந்தப் பதிவின் தொடக்கத்திலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பேஸ் பகுதிகளை ருஸ்ஸோவும் டாடோவுமே வாசித்தார்கள். ‘பாய்ஸ் இ ஃபில்யோஸ்’ பாடலின் தொடக்கத்தில் வரும் அந்த எளிய கித்தார் ஒலியை எடுத்துவிட்டால் அந்தப் பாடலில் பாதி போய்விடும். ‘மோந்தெ காஸ்தெலோ’வில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் அன்பைப் பற்றிய பகுதியும் போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயின்ஸின் பதினான்கடிப் பாடலும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, அந்த இரண்டையும் ஒட்டவைப்பது ருஸ்ஸோவின் குரல் மட்டுமல்லாமல், பொன்ஃபாவும் டாடோவும் அமைத்துத் தந்த நிதானமான நடையும்தான்.

என் பார்வையில் முடிவின் தொடக்கம் 1988 ஜூன் 18. பிரசீலியாவின் மானே கரிஞ்சா விளையாட்டரங்கம். ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்தார்கள். சொந்த ஊர்ப் பிள்ளைகள் புகழோடு திரும்பி வரும் நிகழ்ச்சி. ஏற்பாடுகள் மோசமாக இருந்தன. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது. கூட்டம் ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் மேடைமீது ஏறி ருஸ்ஸோவைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டார். மேடைமீது வெடிகளும் வந்து விழுந்தன. ருஸ்ஸோ கூட்டத்தைக் கடுமையாகப் பேசினார், பிறகு குழு நிகழ்ச்சியை முன்கூட்டியே முடித்துக்கொண்டு இறங்கியது. அதற்குப் பின் அரங்கத்துக்குள்ளும் வெளியிலும் கலவரம் மூண்டது. நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள், பேருந்துகள் அடித்து நொறுக்கப்பட்டன. தங்களை உருவாக்கிய நகரத்தில் அவர்கள் அதன் பிறகு ஒரு முறைகூட மேடையேறவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு லெஜியாவ் மேடையை நம்பி வாழ்ந்த குழுவாக இருக்கவில்லை. 1991 டிசம்பரில் ‘வி’ இசைத்தட்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் குடியரசுத் தலைவர் கொலோரின் அரசு மக்களின் வங்கிச் சேமிப்பை முடக்கியிருந்தது. வேலை இல்லாமலும் கையில் காசு இல்லாமலும் திரிந்த இளைஞர்களின் சோர்வு முழுவதும் ‘ஒ தெயாத்ரு தோஸ் வாம்பீரோஸ்’ பாடலில் இருக்கிறது. அந்த இசைத்தட்டுக்கான பயணம் 1992இல் பாதியிலேயே நின்றது. ருஸ்ஸோ மதுவோடும் போதைப் பழக்கத்தோடும் போராடி 1993இல் சிகிச்சை பெற்றார். அதே ஆண்டு இறுதியில் வந்த ‘ஒ தெஸ்கொப்ரிமெந்து து பிரசீல்’ இசைத்தட்டின் கடைசிப் பாடலான ‘சோ போர் ஓஜெ’ அந்தச் சிகிச்சையிலிருந்து நேராக வந்தது. கடைசி நிகழ்ச்சி 1995 ஜனவரி 14, சாந்தோஸ் நகரம். பார்வையாளர்களிலிருந்து யாரோ எறிந்த பீர் டப்பா ருஸ்ஸோமீது பட்டது. அவர் மேடையின் தரையில் படுத்துக்கொண்டார், எழவில்லை, நிகழ்ச்சியில் மிச்சமிருந்த நேரம் முழுவதும் அப்படியே படுத்தபடி பாடி முடித்தார். கூட்டத்தால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது. அதன் பிறகு லெஜியாவ் உர்பானா ஒரு மேடையிலும் ஏறவில்லை.

ஆகவே 1996இல் டாடோவும் பொன்ஃபாவும் எடுத்த முடிவு, மேடையில் ஏற்கெனவே நின்றுபோயிருந்த ஒரு குழுவைப் பற்றியது. புதிய பாடகரைத் தேடும் குழுவுக்கு அவரைக் கொண்டு செய்ய ஒரு பயணமும் நிகழ்ச்சிகளும் காத்திருக்க வேண்டும். இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. சாந்தோஸ் நிகழ்ச்சியைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன். ஒன்று கேட்க வேண்டும். ருஸ்ஸோவின் உடல்நிலை மற்ற இருவருக்கும் தெரிந்திருந்ததா? கடைசி இசைத்தட்டான ‘அ தெம்பெஸ்தாதெ’யைக் கேட்கும்போது அவர் விடைபெறுகிறார் என்றே தோன்றுகிறது; அது பிறகு நடந்ததை அறிந்து கேட்பதால் எழும் எண்ணமா?

இரவு வானொலி:

அது அந்த இசைத்தட்டிலேயே இருக்கிறது. தங்களுக்குச் சரியாகவே கேட்டிருக்கிறது.

எச்.ஐ.வி. தொற்று இருப்பதை ருஸ்ஸோ பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். பொதுவெளியில் ஒருபோதும் பேசவில்லை. நெருங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, ரசிகர்களுக்கு மரணச் செய்தியோடுதான் தெரிந்தது. 1990இல் பராவ் வெர்மெல்யோவின் முன்னாள் பாடகர் கசுசா அதே நோயில் இறந்தபோது அவருடைய மெலிந்த உடலை நாடே பத்திரிகை அட்டைகளில் பார்த்திருந்தது என்பதை நினைவில் வைத்தால், ருஸ்ஸோ ஏன் மௌனம் காத்தார் என்பதைப் புரிந்துகொள்ளலாம். அதே மனிதர்தான் நியூயார்க்கில் ஒருபால் ஈர்ப்பாளர்கள் உரிமைக்காக நடத்திய ஸ்டோன்வால் எழுச்சியின் 25ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து 1994இல் ஓர் ஆங்கிலத் தனி இசைத்தட்டை வெளியிட்டார்; தாம் விரும்பிய ஆண்களைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசியவர், நோயைப் பற்றி மட்டும் பேச மறுத்தார். அந்த எல்லையை வகுக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

‘அ தெம்பெஸ்தாதெ’ 1996 செப்டம்பர் 20 அன்று வெளிவந்தது, அவர் இறப்பதற்கு மூன்றே வாரங்களுக்கு முன். வழக்கமாக ஒரு பாடகர் இசைக் கலைஞர்களுக்கு வழிகாட்டுவதற்காக முதலில் ஒரு முறை மேலோட்டமாகப் பாடி வைப்பார். கருவிகளின் பதிவு முடிந்த பின் முறையாகப் பாடிப் பழையதை நீக்கிவிடுவார்கள். இந்த இசைத்தட்டில் ‘அ வியா லாக்தியா’ நீங்கலாக நீங்கள் கேட்பதெல்லாம் அந்த முதல் குரல்தான். மற்றவற்றை மறுபடி பாட அவர் ஒப்பவில்லை. ‘அ வியா லாக்தியா’விலோ, காய்ச்சல் விடாமல் அடிப்பதையும், தம்மீது கவனம் வேண்டாம் என்பதையும் அவர் சொல்கிறார். மற்ற பாடல்களில், சரி செய்யப்படாத அந்த முதல் குரலைச் சுற்றித்தான் டாடோவும் பொன்ஃபாவும் இசையைக் கட்டி முடித்தார்கள். உள்தாளுக்குப் புதிய புகைப்படம் எடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. பழைய படம் ஒன்றையே பயன்படுத்தினார்கள்.

அந்த உறையில் இன்னொன்றும் உண்டு. முந்தைய இசைத்தட்டுகளில் குழுவின் இலத்தீன் முழக்கமும், உச்ச ஒலியில் கேட்கும்படி சொல்லும் ஒரு குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். இதில் அவை இல்லை. அவற்றுக்குப் பதிலாக, பிரேசிலை மரங்களும் விடைபெறும் மனிதர்களும் நிறைந்த குடியரசாகக் காட்டும், பிரேசில் எழுத்தாளர் ஓஸ்வால்து தெ அந்திராதெயின் ஒரு வரி இருக்கிறது. கடையில் அதை வாங்கியவர்கள் அந்த வரியின் காரணத்தை மூன்று வாரம் கழித்து அறிந்தார்கள்.

இதைவிட ‘உமா ஓத்ரா எஸ்தசாவ்’தான் எனக்குத் தாங்க முடியாதது. ‘அ தெம்பெஸ்தாதெ’க்காகப் பதிவு செய்து எஞ்சியவற்றை மற்ற இருவரும் திரட்டி 1997இல் வெளியிட்டது அது. அதில் ‘சக்ராது கோராசாவ்’ என்ற பாடலில் இசை முழுமையாக ஒலிக்கிறது, சொற்கள் உள்தாளில் அச்சாகியிருக்கின்றன. பாட மட்டும் ஆள் இல்லை. ருஸ்ஸோ அதற்குக் குரல் பதிவு செய்திருக்கவில்லை. வேறு யாரையேனும் பாட வைத்திருக்கலாம். அவர்கள் வைக்கவில்லை. தாங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு டாடோவும் பொன்ஃபாவும் தந்த பதிலாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

செம்மண்தடம்:

இரவு வானொலி அவர்கள் சொன்ன அந்தக் கடைசிச் செய்தி இருவர் வாதத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. கடலோசை சொன்னதுபோல இசை மூவருடையது. இருந்தும், பாடுபவர் இல்லாதபோது அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள்.

நெடுவழி அவர்களே, வேறொருவரை வைத்துத் தொடர்ந்த குழுவாகத் தாங்கள் மனத்தில் வைத்திருப்பது பராவ் வெர்மெல்யோ என்று நினைக்கிறேன். அது வேறு நிலைமை. கசுசா 1985இல் விலகியபோது உயிரோடு இருந்தார், தனிப் பாடகராகத் தொடர்ந்தார். அவரோடு சேர்ந்து பாடல்களை இயற்றி வந்த ஃப்ரெஜாத் குழுவுக்குள்ளேயே இருந்தார், அவரே பாடத் தொடங்கினார். லெஜியாவில் சொற்களை எழுதும் இன்னொருவர் இல்லை.

ஆனாலும் டாடோவும் பொன்ஃபாவும் அந்தப் பாடல்களை நிரந்தரமாகப் பூட்டி வைக்கவில்லை. 2012இல் சாவ் பாவுலோவில் நடிகர் வாக்னர் மோரா பாட, இருவரும் ஓர் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்கள். பின்னர் முதல் இசைத்தட்டின் முப்பதாம் ஆண்டையொட்டி ஆந்திரே ஃப்ராதெஸ்கியைப் பாடவைத்து 2015 முதல் நாடு முழுவதும் பயணம் செய்தார்கள். பழைய பாடல்களை மக்களோடு சேர்ந்து பாடும் பயணங்களாகவே அவை அமைந்தன. குழுவின் பெயரில் புதிய இசைத்தட்டு எதுவும் வரவில்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்துவதிலேயே நீண்ட வழக்கு நடந்தது. பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர் ருஸ்ஸோவின் நிறுவனத்துக்கும் அவர் வழியாக அவருடைய வாரிசுக்கும் உரியது. எனினும் அந்தப் பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்களில் இந்த இருவரும் அடங்குவர் என்பதால் தங்கள் நிகழ்ச்சிகளில் அதைப் பயன்படுத்த அவர்களைத் தடுக்க முடியாது என்று பிரேசிலின் உயர் நீதித் தீர்ப்பாயம் 2021இல் முடிவு செய்தது. அமர்வில் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான தீர்ப்பு. பதினான்கு ஆண்டுகள் அந்த டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் தம் குழுவின் பெயரைச் சொல்ல அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்திருக்கவே கூடாது.

கடலோசை:

நெடுவழி அவர்களே, இனிக் கேட்கும் வரிசைக்கு என் பரிந்துரை இது. ‘தோய்ஸ்’ இசைத்தட்டை முதலில் முழுவதும் கேளுங்கள், தனிப் பாடல்களாகப் பிரிக்காமல். அதன் பிறகு 1992இல் எம்.டி.வி.க்காகப் பதிவு செய்து 1999இல் வெளியான மின்கருவிகளின் ஆரவாரமில்லாத ‘அக்கூஸ்டிக்’ நிகழ்ச்சியைக் கேட்கலாம். மூவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, ருஸ்ஸோ பாடல்களுக்கிடையே தாராளமாகப் பேசிக்கொண்டு, நிம்மதியாக இருந்த ஒரு மாலை அதில் பதிவாகியிருக்கிறது. ‘அஸ் குவாத்ரு எஸ்தசோய்ஸ்’ அதன் பின். கடைசி இரண்டு இசைத்தட்டுகளுக்கு அவசரம் வேண்டாம். போர்ச்சுகீசியம் இன்னும் கொஞ்சம் கைவந்த பிறகு, உள்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.